இரண்டு முறை பார்க்கிறவர்

தெட்சிணாமூர்த்தி அண்ணனை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் எங்கள் கல்லூரியில் குறைவு. நூலகத்தில் அவருக்கு மேசை உண்டு, நாற்காலி உண்டு, நாற்காலியின் மேல் அவர் மனைவி தைத்துக் கொடுத்த பஞ்சு மெத்தையும் உண்டு. மெத்தை இன்றைக்கும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. அவர் நடந்துகொண்டே இருப்பார். அலமாரியைப் பூட்டுவார், நாலடி போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவருடைய ஊரான போலகத்தில், வீட்டில் கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில், பாதி வழி வந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர். எனக்குத் தெரிந்தே மூன்று தடவை அப்படிப் போயிருக்கிறார்.

"ஒரு தடவ பாத்தா அது சும்மா பாக்குறது மேடம். ரெண்டாந் தடவ பாக்குறதுதான் வேலை" என்பார்.

நான் பொருளியல் துறையில் பாடம் எடுக்கிறேன். பெயர் விஷ்ணுப்ரியா. எனக்கு நாக்கில் சனி என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது காதில் விழுந்திருக்கிறது. அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்திருக்கிறேன், ஆனால் சொல்லி முடிப்பதற்குள் என் தலையும் உருளும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பதினான்கு வருடமாக அவர் ஒப்பந்தத்தில் இருக்கும் நூலக உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆணை புதுப்பித்து வரும். வரும் வரை மனிதர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. கஜா புயலில் நூலகத்தின் மேற்குப் பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது, பதினோரு வருடத்துப் பதிவேடுகள் நனைந்து கூழாகிவிட்டன. அவற்றை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மைதானத்தில் கல் வைத்துக் காயப்போட்டவர் அவர்தான். எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து கைக்கு வந்த எதையும் அவர் சேமிக்காமல் விட்டதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு கல்லூரிக்கு அந்த மென்பொருள் வந்தது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மெஷின். மாணவர் எழுதிய கட்டுரையை அதில் ஏற்றினால், இணையத்திலும் புத்தகங்களிலும் பழைய மாணவர்களின் கட்டுரைகளிலும் தேடி, இதில் எவ்வளவு வேறு இடத்தில் இருக்கிறது என்று சதவீதம் போட்டுக் கொடுக்கும். இருபது வரை தேறும். அதற்கு மேலே போனால் திருப்பி எழுத வேண்டும். அறுபதைத் தாண்டினால் பூஜ்யம். கடவுச்சொல் அண்ணனிடம் மட்டும்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே, அதனால் கல்லூரியே அவர் பின்னால் சுற்றியது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா. முன்கூட்டியே ஏற்றிப் பார்த்து, சிவப்புக் கோடு விழுந்த வார்த்தையை மட்டும் மாற்றி, மறுபடி ஏற்றி, மெஷினை ஏமாற்றப் பார்த்தார்கள். அதைத் தடுக்க ஒரு சுற்றறிக்கை போனது. துறைத்தலைவர் மூலம் வரும் இறுதிக் கட்டுரையை ஒரு முறை மட்டும் ஏற்ற வேண்டும், யாருக்கும் முன்னோட்டம் பார்த்துச் சொல்லக் கூடாது. அந்தச் சுற்றறிக்கையை எழுதியது நான். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று முதல்வர் பாராட்டினார்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஹஃப்ஸாவின் கட்டுரை வந்தது. மூன்றாம் வருடப் பொருளியல் மாணவி. வாப்பா துபாயில் இருக்கிறார், பெண் உம்மாவோடு காரைக்காலில். கோட்டுச்சேரிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். மெஷின் அதற்குத் தொண்ணூற்று நான்கு போட்டிருந்தது. எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில், 'இதே கல்லூரியின் மாணவர் கட்டுரை' என்று இருந்தது. எந்த மாணவர் என்று அது காட்டாது.

அவளைத் துறை அறைக்குக் கூப்பிட்டேன்.

"இது யாரோடது?"

"என்னோடது மேடம்."

"மெஷின் அப்படிச் சொல்லலயே."

"மெஷின் கோட்டுச்சேரிமேட்டுக்கு வந்துச்சா மேடம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்பும் செய்துவிட்டு வாயாடுகிறாளே என்று நினைத்தேன். அவள் கண் முன்னாலேயே பூஜ்யம் போட்டு, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கும் எழுதினேன். பூஜ்யம் என்றால் அகமதிப்பெண் போதாது, ஏப்ரல் தேர்வுக்கு உட்கார முடியாது, ஒரு வருடம் போச்சு. அவள் அழவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, "நேரம் இருந்தா பாருங்க மேடம்" என்று சொல்லிப் போனாள். நோட்டில் மீன் வாடை அடித்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அன்றிலிருந்து அண்ணனின் நடை கூடியது. எங்கள் துறை வாசல் வரை வருவார், குடத்தில் தண்ணீர் மொண்டு குடிப்பார், போய்விடுவார். ஒரே காலையில் ஐந்து தடவை. ஒரு மனிதனுக்கு அவ்வளவு தாகம் எடுக்காது. மூன்றாம் நாள் நானே கேட்டேன்.

"என்னண்ணே, என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல மேடம். அந்த ஹஃப்ஸா புள்ளைக்கு எவ்வளவு வந்துச்சு?"

"நீங்கதான ரிப்போர்ட் எடுத்தீங்க. தொண்ணூத்தி நாலு."

"முதல்ல ஒம்போதுதான வந்துச்சு" என்றவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"முதல்லன்னா?"

பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் விடவில்லை. நூலகம் வரைக்கும் பின்னாலேயே போனேன். அங்கே போய்ச் சொன்னார். ஜனவரியில் ஹஃப்ஸா, கட்டுரையை முன்கூட்டியே ஏற்றிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்து நின்றிருக்கிறாள். அவர் முடியாது என்றிருக்கிறார். அவள் நாலு நாள் வந்திருக்கிறாள்.

"'முப்பத்து நாலு பொம்பளைங்க நின்ன காலோட நின்னு பதில் சொல்லிருக்காங்க சார், அத நான் தெரியாம எங்கயாச்சும் கெடுத்து வச்சிருந்தா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்'னு கேட்டுச்சு மேடம். மனசு கேக்கல. ஒரு தடவ ஏத்திப் பாத்தேன். ஒம்போதுதான். நல்லா இருக்கும்மா, குடுத்துரும்மான்னு அனுப்புனேன்."

"அப்ப இது எப்படி தொண்ணூத்தி நாலாச்சு?"

"அதான் மேடம் மூணு நாளா எனக்கு ஓடிக்கிட்டே இருக்கு."

கணினி முன்னால் நின்றபடியே ஒரு பக்கக் கோப்பைத் திறந்தார். அவருடைய விண்ணப்பம். பதினான்கு வருடப் பணியைக் கருதி நிரந்தரம் செய்ய வேண்டும் என்று முதல்வருக்கு எழுதியது. மார்ச்சில் அது நியமனக் குழுவுக்குப் போக வேண்டும். உலகத்திலேயே அவர் மட்டும் எழுதிய ஒரு தாள் என்பதால் அதை எடுத்திருக்கிறார். ஏற்றினார். பூஜ்யம் வந்தது. ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி ஏற்றினார்.

நூறு வந்தது. 'இதே கல்லூரியின் மாணவர் கட்டுரை' என்று கீழே இருந்தது.

ஏற்றும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம், போன வருடம்தான் புதிதாக வந்தது. இந்தக் கட்டுரையைக் கிடங்கில் சேமிக்கவா என்று கேட்கும். இறுதிக் கட்டுரைக்கு மட்டும் அதில் டிக் போட வேண்டும், அப்போதுதான் அடுத்த வருடம் எவரும் அதைப் பார்த்து எழுதினால் சிக்குவார்கள். சும்மா பார்ப்பதற்குப் போடக் கூடாது. அண்ணன் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார். அதாவது ஹஃப்ஸா அவளுடைய கட்டுரையையே காப்பி அடித்துவிட்டாள் என்று மெஷின் சொல்லியிருக்கிறது.

"நான்தான் டிக் போட்டேன் மேடம். சேமிக்கவான்னு கேட்டுச்சு. கஜாவுல பட்டது போதும்னு போட்டேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டீர்களே என்று கத்தினேன். கத்திவிட்டுத்தான் நோட்டு நினைவுக்கு வந்தது. துறைக்குப் போய்ப் பிரித்தேன். முப்பத்து நான்கு பெயர்கள், வயது, எழுகிற நேரம், நிற்கிற நேரம். பென்சிலில் ஒரு பக்கம்: 'குஞ்சம்மா, 58. முட்டி வீங்குனா மணல்ல குந்திக்குவேன், மறுபடி எழுந்திரிக்கத்தான் ரெண்டு பேரு வேணும் என்றார். சிரித்தார்.' இதை எந்த மாணவனும் எழுதி இவள் பார்த்திருக்க முடியாது. மூன்று நாள் இது என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. வெட்கமாக இருந்தது, சொல்வதற்கென்ன.

கிடங்குக்குள் போன கட்டுரையை நாங்களாக எடுக்க முடியாது. முதல்வர் காரணம் எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். காரணம் எழுதினால் சுற்றறிக்கையை மீறியது வெளியே வரும். மார்ச் கோப்பு என்னாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

குறுக்கு வழியை நான்தான் சொன்னேன், பழியை அவர் மேல் போட மாட்டேன். "நான் மார்க்க மாத்திப் போட்டுர்றேன். மெஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம். உங்க பேரு வேணாம்ணே."

அவர் அலமாரி வரிசையைச் சுற்றி ஒரு நடை போய் வந்தார். "குழுவுக்குப் போயிருச்சுல்ல மேடம். கோளாறுன்னா எல்லாரும் மார்க்கு போட்டுட்டாங்கன்னுதான் சொல்வாங்க, காப்பி அடிக்கலன்னு சொல்ல மாட்டாங்க. அந்தப் புள்ள நடந்த நடைக்கு அது போதுமா?"

மறுநாள் காலை கடிதத்தோடு வந்தார். கையால் எழுதியிருந்தார். ஒரு தடவை படித்தார், வாசல் வரை போனார், வந்து இன்னொரு தடவை படித்தார், கையெழுத்துப் போட்டார். முதல்வர் அறைக்குள் போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. வெளியே வந்தபோது கையில் விளக்கம் கேட்கும் குறிப்பாணை இருந்தது. நிரந்தரக் கோப்பு, 'பிறகு பார்க்கலாம்' என்ற பெரிய மேசை இழுப்பறைக்குள் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பத்து நாளில் பழைய பிரதிகள் இரண்டும் நீங்கின. மறுபடி ஏற்றியபோது ஹஃப்ஸாவுக்கு எட்டு வந்தது. கட்டத்தில் டிக் போட வேண்டுமா என்று அண்ணன் என்னை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போட்டார். நான் மதிப்பெண்ணைத் திருத்தி, அவளைக் கூப்பிட்டு, மன்னித்துக்கொள் என்றேன். இருபது வருடத்தில் ஒரு மாணவியிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"இருக்கட்டும் மேடம். நோட்டத் திருப்பிக் குடுக்குறீங்களா? குஞ்சம்மா படிச்சுக் காட்டச் சொல்லிருக்காங்க."

நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வேறு மனிதராக இருந்தால் முடிந்திருக்கும். இவர் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்.

ஒரு வாரம் கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில் போன வருடத்துப் பட்டியல். ஒரு பெயரின் கீழே கோடு போட்டிருந்தார். ரஞ்சித்குமார், இரண்டாம் வருடம், தொண்ணூற்று மூன்று.

"இவனுக்கும் முன்னாடி பாத்துக் குடுத்தேன் மேடம். எங்க ஊருப் பையன், நெடுமாறன் மகன். அப்ப பதினொண்ணுதான் வந்துச்சு. அப்புறம் தொண்ணூத்தி மூணு வந்தப்ப, மெஷின் தெனமும் புதுசு புதுசா படிக்குதே, அன்னைக்குச் சிக்காதது இன்னைக்குச் சிக்கிருச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். மெஷின்தான் சரி, பையன்தான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

எனக்கு அந்தப் பையனின் முகம் உடனே வரவில்லை. நான் சொன்னது மட்டும் உடனே வந்தது. சம்பா பயிர் மழையில் சாய்ந்தால் விவசாயிகள் என்ன செய்கிறார்கள் என்று எழுதியிருந்தான். வகுப்பில் அவனை எழுப்பி நிற்க வைத்து, "உங்கப்பா பக்கத்து வயல்ல பூந்து அறுத்தா ஊர்ல விடுவாங்களா? நீ மட்டும் எப்படி அறுத்த?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நல்லா கேட்டோம் என்று அன்றைக்கு எனக்கும் ஒரு நிறைவு. அதோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான். நாங்கள் யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. தொடர்ந்து வராததால் பெயர் நீக்கம் என்று பதிவேட்டில் எழுதினோம், அவ்வளவுதான்.

"நான் என்ன பண்ணேன் தெரியுமா மேடம்? வரப்புல நெடுமாறனப் பாத்து, பையனக் கொஞ்சம் கவனிங்க, காப்பி அடிச்சிருக்கான்னு சொன்னேன். நல்லதுக்குச் சொல்றதா நினைச்சு." அதைச் சொல்லும்போது அவர் நிற்க முடியாமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

பையன் இப்போது வீட்டில் இல்லை என்றார். கீழவாஞ்சூரில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. அங்கேயே ஓர் அறையில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருக்கிறான். போலகம் கூப்பிடு தூரம்தான். வீட்டுக்குப் போவதில்லை.

சனிக்கிழமை காலை அவர் வண்டியில் அவரும், என் ஸ்கூட்டியில் நானும் போனோம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினார். பையைத் திறந்து ஒரு உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பையன் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

ரஞ்சித்குமார் கண்ணாடி அறைக்குள் லாரி எண்ணை எழுதிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "வாங்க மேடம், வாங்க சார். யாருக்காச்சும் உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறினான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் நான் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் உட்காராமல் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கட்டம், டிக், கிடங்கு, தொண்ணூற்று மூன்று. சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்.

"ரஞ்சித், வகுப்புல நான் அன்னைக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"அது பரவால்ல மேடம்" என்றான், என்னைப் பார்க்காமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. போய் எடையைப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"நான் அத நம்பிட்டேன் சார்."

"எதப்பா?"

"மெஷின் சொன்னத. நான் யாரையும் பாத்து எழுதல. அப்பாகிட்ட கேட்டுத்தான் எழுதுனேன். சாஞ்ச பயிர நாலு குத்து நாலு குத்தா சேத்துக் கட்டி நிமித்தணும், எந்த மூலைல வெட்டிவிட்டா தண்ணி சீக்கிரம் வடியும், எல்லாம் அவரு சொல்லச் சொல்ல எழுதுனது. ஊர்ல யாரும் இந்த மாதிரிக் கட்ட மாட்டாங்க, இது என் யோசனைடான்னு சொன்னாரு. அப்புறம் தொண்ணூத்தி மூணுன்னதும், சரி, இவரு எதோ ரேடியோல கேட்டத, எவனோ எழுதுனதத் தன்னோடதுன்னு என்கிட்ட அளந்து விட்டிருக்காருன்னு நினைச்சேன்." நிறுத்தினான். "நேரா வீட்டுக்குப் போயி, இத எங்கேர்ந்து திருடுனன்னு கேட்டேன் சார். எங்கப்பாவ."

அண்ணனின் நடை நின்றது.

"அவரு என்ன சொன்னாரு?"

"சாப்டுக்கிட்டிருந்தாரு. தட்ட அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுநா நான் இங்க வந்துட்டேன். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. பேசல."

அண்ணன் பையிலிருந்து அந்த உறையை எடுத்தார். ரஞ்சித்தின் கட்டுரை, முதல் தடவை ஏற்றியபோது சேமித்தது. மேலே பதினொன்று என்று இருந்தது. அந்தப் பதினொன்றும் எது என்று பேனாவால் கோடிட்டுக் கொண்டுவந்திருந்தார்: முன்னுரையில் அவனே புத்தகத்தின் பெயர் போட்டு எடுத்துக்கொண்ட இரண்டு பத்தி. பயிரைக் கட்டும் பகுதியில் ஒரு கோடும் இல்லை.

பையன் பக்கத்தைப் புரட்டினான். திரும்பப் புரட்டினான்.

"அப்ப இது எங்கப்பா சொன்னதுதானா சார்?"

"ஆமாப்பா."

"நிச்சயமாவா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன்பா" என்றார் அண்ணன்.

ரஞ்சித் செல்லை எடுத்தான். எண்ணைத் தேடி அழுத்திவிட்டு, லாரிச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. செல்லைச் சட்டைப் பையில் வைக்கப் போனான்.

"இன்னொரு தடவ போடு" என்றார் அண்ணன்.

போட்டான். இந்தத் தடவை எடுத்தார்கள். வயல் பக்கம் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

"அப்பா, நான்தான். அது நீ சொன்னதுதாம்ப்பா. யாரோடதும் இல்லயாம். சார் வந்து சொல்றாரு."

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"அது எனக்குத் தெரியாதாடா" என்றார் நெடுமாறன்.